தேவைக்கு உதவி, வசதிக்கு இடம்: ஐவி லீக் பல்கலைக்கழகங்களின் விளையாட்டு வீரர் சேர்க்கை

2024 அக்டோபரில் அமெரிக்காவின் கனெக்டிகட் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் ஒரு வழக்கைத் தொடக்க நிலையிலேயே தள்ளுபடி செய்தது. பிரவுன் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிகளைச் சேர்ந்த இருவர் 2023 மார்ச்சில் தொடுத்த வழக்கு அது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா, பிரவுன், கார்னெல், டார்ட்மவுத், பென்சில்வேனியா ஆகிய எட்டுப் பல்கலைக்கழகங்களும் 'விளையாட்டுத் திறனுக்கென எவருக்கும் உதவித்தொகை தருவதில்லை' என்று தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டுள்ளன. மாணவர்களுக்காக ஒன்றோடொன்று போட்டியிட வேண்டிய நிறுவனங்கள் கூடிப் பேசி இப்படி ஒரு வரம்பை விதிப்பது ஏகபோகத் தடுப்புச் சட்டத்துக்கு எதிரானது என்பதே வாதிகளின் வழக்கு.

முதல் வாசிப்பில் சமூகநீதியில் அக்கறையுள்ள எவரும் பல்கலைக்கழகங்களின் பக்கமே சாய்வர். ஏனெனில் அவை சொல்வது நமக்கு மிகவும் பழக்கமான நியாயம்: பணம் திறமைக்குப் பரிசாக அன்று, தேவைக்கு உதவியாகத் தரப்பட வேண்டும், பந்தாடத் தெரிந்தவன் என்பதற்காகச் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரிப் பணத்தைக் கொடுக்கக் கூடாது. இதில் தவறென்ன?

இந்த விதியைத் தனியாக எடுத்துப் பார்த்தால் தவறில்லை. ஆனால் உயர்கல்வியில் நீதியை அளக்க இரண்டு கேள்விகள் உண்டு. உள்ளே வருவது யார் என்பது முதற்கேள்வி. வந்தவருடைய செலவை யார் ஏற்பது என்பது இரண்டாவது. ஐவி லீக் இரண்டாவது கேள்விக்கு மட்டும் 'தேவை' என்று பதில் சொல்கிறது. முதற்கேள்விக்கான பதிலைப் பெருமளவு குடும்பச் செல்வத்திடமே விட்டுவிட்டது. பந்தியில் பரிமாறுவதில் பாகுபாடில்லை என்ற பெருமையை ஏற்குமுன், பந்தியில் உட்கார யாரை அனுமதித்தார்கள் என்று கேட்கும் வழக்கம் நமக்கு உண்டு. அந்தக் கேள்வியை இங்கும் கேட்க வேண்டும்.

உடன்படிக்கையும் நடைமுறையும்

1945இல் அமெரிக்கக் கால்பந்துக்கென இந்த எட்டு நிறுவனங்களும் செய்துகொண்ட ஒப்பந்தம் 1954இல் எல்லா விளையாட்டுகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. நாட்டின் முதல்நிலைக் கல்லூரி விளையாட்டுப் பிரிவில் உள்ள பிற பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு விளையாட்டு உதவித்தொகை தரலாம். ஐவி லீக்கில் அது கிடையாது. ஒரு குடும்பத்தின் வருமானமும் சொத்தும் கணக்கிடப்படுகின்றன. மொத்தச் செலவில் அக்குடும்பத்தால் தர இயலாதது என்று பல்கலைக்கழகம் முடிவுசெய்யும் பகுதி மட்டும் உதவியாகக் கிடைக்கிறது. வீரருக்கும் மற்ற மாணவருக்கும் ஒரே கணக்கு.

இந்த உதவி சிறிதன்று. 2025 மார்ச்சில் ஹார்வர்ட் வெளியிட்ட அறிவிப்பின்படி, 2025–26 கல்வியாண்டு முதல் ஆண்டு வருமானம் 1 இலட்சம் டாலர் வரையுள்ள குடும்பத்தின் பிள்ளைக்கு உணவு, தங்குமிடம் உட்பட அனைத்தும் இலவசம். 2 இலட்சம் டாலர் வரை கல்விக் கட்டணம் இலவசம்.

இன்னொரு நன்மையையும் நேர்மையாகப் பதிவுசெய்ய வேண்டும். ஐவி லீக்கில் அணியிலிருந்து விலகினாலும், காயம்பட்டு ஆட முடியாமற்போனாலும் உதவி நிற்காது. பிற இடங்களில் நிலைமை அப்படியிருக்கவில்லை. 1973 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் விளையாட்டு உதவித்தொகை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டிய ஒன்றாகவே இருந்தது. பல ஆண்டுகளுக்குச் சேர்த்துத் தரும் அனுமதி 2012இல்தான் நடைமுறைக்கு வந்தது. பயிற்சியாளரின் அதிருப்தி ஒரு மாணவரின் படிப்பையே முடித்துவிடக்கூடிய ஏற்பாடு அது. உதவியோடு வரும் நிபந்தனை எவ்வளவு கனமானது என்பதை நாம் அறிவோம். 1913இல் அண்ணல் அம்பேத்கர் இதே ஐவி லீக்கைச் சேர்ந்த கொலம்பியாவுக்குச் சென்றது பரோடா அரசின் உதவித்தொகையில். அதற்கு ஈடாகப் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணிபுரிவதாக அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. அந்த ஒப்பந்தப்படி 1917இல் பரோடாவுக்குப் பணியாற்றச் சென்றவருக்கு அந்நகரில் தங்க ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. நிபந்தனையற்ற உதவியின் அருமை நமக்குப் புரியாததன்று.

ஆனால் உதவிக்கு முந்தைய படியில் வீரரும் மற்ற மாணவரும் ஒன்றல்லர். பள்ளிப் பருவத்திலேயே வீரர்களை அடையாளம் காணும் பயிற்சியாளர், தமக்கு வேண்டியவர்களின் பெயர்களைச் சேர்க்கை அலுவலகத்துக்குத் தருகிறார். மதிப்பெண்களைக் கொண்டு கணக்கிடும் கல்விக் குறியீட்டெண் ஒன்று உண்டு. அதன் அடித்தள வரம்பைத் தாண்டினால் போதும். குடும்பத்தின் வருமான ஆவணங்களை முன்கூட்டியே கொடுத்து, உதவி எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீட்டையும் பெறலாம். இடம் ஏறத்தாழ உறுதி என்று தெரிவிக்கும் கடிதம் அக்டோபரிலேயே வரலாம். மற்ற விண்ணப்பதாரர்கள் டிசம்பர் வரையிலோ மார்ச் இறுதி வரையிலோ காத்திருக்க வேண்டும்.

யார் இந்த வீரர்கள்?

ஹார்வர்டின் சேர்க்கைப் புள்ளிவிவரங்கள் ஒரு வழக்கின் வழியாகவே வெளியுலகுக்கு வந்தன. அங்கு நடைமுறையிலிருந்த, இனத்தைக் கருத்தில் கொள்ளும் சேர்க்கை முறையை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கு அது. வழக்குத் தொடுத்த தரப்பின் பொருளியல் வல்லுநராகச் சாட்சியமளித்தவர், இருவருடன் சேர்ந்து 2019இல் அத்தரவுகளை ஆய்வாக வெளியிட்டார். கறுப்பின மாணவர்களுக்கான முன்னுரிமையை எதிர்த்த தரப்பின் கையிலிருந்தே இந்தத் தரவு வந்தது என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். அப்படிப் படித்தாலும் அது சொல்வது தெளிவானது. ஹார்வர்டில் சேர்க்கப்பட்ட வெள்ளையின மாணவர்களில் 43 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் நான்கு சலுகைப் பிரிவுகளுள் ஒன்றில் அடங்கினர்: விளையாட்டு வீரர், முன்னாள் மாணவரின் பிள்ளை, பேராசிரியர் மற்றும் பணியாளரின் பிள்ளை, நன்கொடையாளர் தொடர்பு போன்ற காரணங்களால் தலைமையின் தனிப்பட்டியலில் இடம்பெற்றவர். கறுப்பினத்தவர், இலத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், ஆசிய அமெரிக்கர் ஆகிய ஒவ்வொரு பிரிவிலும் அந்த விகிதம் 16 விழுக்காட்டுக்கும் குறைவு. பயிற்சியாளரால் தெரிவுசெய்யப்பட்ட வீரர்களில் ஏறத்தாழ 86 விழுக்காட்டினருக்கு இடம் கிடைத்தது. எந்தச் சலுகைப் பிரிவிலும் சேராத விண்ணப்பதாரருக்கு அந்த வாய்ப்பு நூற்றுக்கு ஆறு என்ற அளவிலேயே இருந்தது.

விளையாட்டு என்றதும் தெருவிலும் திடலிலும் வளர்ந்த ஏழைப் பிள்ளைகளின் முகம்தான் நம் மனத்தில் எழுகிறது. ஹார்வர்டில் 42 பல்கலைக்கழக அணிகள் உள்ளன. கூடைப்பந்தும் தடகளமும் அவற்றுள் சில மட்டுமே. ஸ்குவாஷ், வாள்வீச்சு, துடுப்புப் படகு, பாய்மரப் படகு, வாட்டர் போலோ, லாக்ரோஸ், கோல்ஃப், பனிச்சறுக்கு என்று நீளும் பட்டியல் அது. இவற்றைக் கற்க முதலில் ஓர் ஏரியோ, மன்றமோ, மலைச்சரிவோ அருகில் இருக்க வேண்டும். பின்னர் தனிப் பயிற்சியாளருக்கும், உபகரணங்களுக்கும், ஊர் ஊராகச் சென்று போட்டிகளில் பங்கேற்பதற்கும் ஆண்டுக்கணக்கில் செலவிட ஒரு குடும்பம் வேண்டும். பிள்ளையின் உழைப்பு பொய்யன்று. ஆனால் அந்த உழைப்பைத் தொடங்கவே நுழைவுக் கட்டணம் ஒன்று இருக்கிறது.

இது வெறும் ஊகமன்று. ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃபிரீட்மேன் ஆகிய பொருளியலாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு, ஐவி லீக்கின் எட்டோடு ஸ்டான்ஃபோர்ட், எம்ஐடி, டியூக், சிகாகோ ஆகிய நான்கையும் சேர்த்து ஆராய்ந்தது. நுழைவுத் தேர்வில் ஒரே மதிப்பெண் பெற்றிருந்தாலும், நடுத்தரக் குடும்பப் பிள்ளையைவிட மேல்தட்டு 1 விழுக்காட்டுக் குடும்பத்துப் பிள்ளை இந்நிறுவனங்களில் படிக்கும் வாய்ப்பு இரு மடங்குக்கும் அதிகம் என்று அது காட்டியது. சேர்க்கையில் அவர்கள் பெறும் அனுகூலத்தில் ஏறத்தாழ கால்பங்கு, அதாவது 24 விழுக்காடு, விளையாட்டு வீரர் தெரிவின் வழியாக வருகிறது. மேல்தட்டு 1 விழுக்காட்டிலிருந்து இடம்பெற்ற மாணவர்களில் எட்டில் ஒருவர் இவ்வாறு தெரிவான வீரர். வருமான வரிசையில் கீழுள்ள 60 விழுக்காட்டுக் குடும்பங்களிலிருந்து வந்தவர்களில் இருபதில் ஒருவரே அப்படி.

இந்த வாசலின் சந்தை மதிப்பு என்ன என்பதை 2019 மார்ச்சில் அம்பலமான சேர்க்கை மோசடி காட்டியது. விளையாடவே தெரியாத பிள்ளைகளை வீரர்களாக ஆவணப்படுத்தி, பயிற்சியாளர்களுக்குக் கையூட்டுக் கொடுத்து இடம் வாங்கிய மோசடி அது. யேல் பல்கலைக்கழகத்தில் மகளிர் கால்பந்து வீராங்கனை என்ற பெயரில் ஓர் இடத்துக்காக ஒரு குடும்பம் 12 இலட்சம் டாலர் கொடுத்திருந்தது. இடைத்தரகர் சிறை சென்றார். யேல் பயிற்சியாளரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆனால் சட்டப்படியான வழியே செல்வந்தருக்குச் சாதகமாக அமைந்திருந்தது என்ற கேள்வி குற்றவியல் நீதிமன்றத்தின் வரம்புக்குள் வரவில்லை.

ஆக, 'தேவைக்கு மட்டுமே உதவி' என்ற விதி வீரர்களில் பலரைத் தொடுவதேயில்லை. அவர்களுக்கு உதவி தேவைப்படவில்லை. இடம் மட்டுமே தேவைப்பட்டது. அது கிடைத்துவிட்டது.

தேவையை அளப்பது யார்?

இனி, வசதி குறைந்த வீரரின் பக்கம் வருவோம். மிக ஏழைக் குடும்பத்திலிருந்து ஒருவர் இவ்வாசலைக் கடந்துவிட்டால் ஐவி லீக் அவருக்கு நல்ல இடமே. சிக்கல் அதற்கு மேற்பட்ட படியில் தொடங்குகிறது. எடுத்துக்காட்டாக, கடனும் நோயாளியான பாட்டியும் உள்ள ஒரு குடும்பத்தைக் கொள்வோம். பல்கலைக்கழகத்தின் சூத்திரம், இக்குடும்பத்தால் செலவில் பாதியைத் தர முடியும் என்று சொல்கிறது. குடும்பமோ முடியாது என்கிறது. வேறொரு பல்கலைக்கழகம் அதே வீரருக்கு முழு உதவித்தொகை தர முன்வருகிறது. ஐவி லீக்கின் எட்டு நிறுவனங்களில் எதுவும் உடன்படிக்கையை மீறி அதற்கு ஈடுகொடுக்க முடியாது. தேவை எவ்வளவு என்பதை முடிவு செய்வது தேவையுள்ளவர் அல்லர், கொடுப்பவரே.

அந்த அளவுகோலையும் கூடிப் பேசி ஒன்றாக்கிக்கொண்ட வரலாறு இவர்களுக்கு உண்டு. 1950களின் பிற்பகுதியில் தொடங்கி, ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களில் இடம்பெற்ற மாணவர்களின் பட்டியலை ஒப்பிட்டு, ஒவ்வொரு குடும்பமும் எவ்வளவு தர வேண்டும் என்பதை ஐவி லீக்கும் எம்ஐடியும் சேர்ந்தே தீர்மானித்துவந்தன. 1991இல் அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடர்ந்தது. எட்டு நிறுவனங்களும் அந்த நடைமுறையைக் கைவிட ஒப்புக்கொண்டன. எம்ஐடி மட்டும் தொடர்ந்து வழக்காடியது. பின்னர் 1994இல் நாடாளுமன்றம் ஒரு சட்டப் பிரிவின் மூலம், மாணவரின் பணத் தேவையைப் பார்க்காமல் சேர்க்கும் நிறுவனங்கள் உதவிக் கணக்கீட்டு முறையைப் பற்றி ஒன்றுசேர்ந்து பேசலாம் என்று விலக்களித்தது. அந்த விலக்கு 2022 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. அதே ஆண்டு ஜனவரியில், இந்த விலக்கைத் தவறாகப் பயன்படுத்தி உதவியைக் குறைத்தார்கள் என்று முன்னணிப் பல்கலைக்கழகங்கள் மீது முன்னாள் மாணவர்கள் வழக்குத் தொடுத்தனர். செல்வந்தரின் பிள்ளைகளுக்குச் சலுகை காட்டும் நிறுவனம், பணத்தைப் பார்க்காமல் சேர்ப்பதாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்பது அவர்களின் மைய வாதம். 2024 தொடக்கத்துக்குள் பத்து நிறுவனங்கள் சேர்ந்து 28.4 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொண்டன. குற்றத்தை அவை ஒப்புக்கொள்ளவில்லை. பிரவுன், யேல், கொலம்பியா, டார்ட்மவுத் ஆகியவையும் அந்தப் பத்தில் அடக்கம்.

விளையாட்டின் பொருளாதாரமும் இதற்கிடையே மாறிவிட்டது. 2021இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், கல்விசார்ந்த சலுகைகளுக்குக் கல்லூரி விளையாட்டு அமைப்பு விதித்த வரம்பு செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற மற்றொரு சமரசத்தின்படி, ஒரு பல்கலைக்கழகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை தன் வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம். ஐவி லீக் அதில் சேர மறுத்துவிட்டது. டார்ட்மவுத்தின் ஆடவர் கூடைப்பந்து அணியினர் தங்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்கக் கோரி, 2024 மார்ச்சில் 13–2 என்ற வாக்கு வேறுபாட்டில் சங்கம் அமைக்க முடிவுசெய்தனர். பல்கலைக்கழகம் பேச்சுவார்த்தைக்கு மறுத்தது. ஆண்டின் இறுதியில் அம்மனு திரும்பப் பெறப்பட்டது.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். வசதி குறைந்த பிள்ளைகளும் எட்டக்கூடிய விளையாட்டு கூடைப்பந்து போன்றவை. அங்குதான் வெளியில் பணமும் அதிகம். ஆகவே உதவித்தொகை இல்லை என்ற விதியின் சுமை அவர்கள் மீதே கூடுதலாக விழுகிறது. பாய்மரப் படகு வீரருக்கு அது சுமையே அன்று.

சட்டம் கேட்காத கேள்வி

பிரவுன் வீரர்களின் வழக்கு ஏன் தோற்றது? பாதிக்கப்பட்ட சந்தை எது என்பதை ஏற்கத்தக்க வகையில் வாதிகள் வரையறுக்கவில்லை என்றது நீதிமன்றம். ஏகபோகத் தடுப்புச் சட்டத்தின் தர்க்கத்தில் அது புரிந்துகொள்ளக்கூடிய முடிவு. அவர்கள் வென்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதே வழக்கறிஞராக என்னை உறுத்துகிறது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் விலை கூடியிருக்கும். வசதியுள்ள வீரருக்கும் உதவித்தொகை சென்றிருக்கும். வாசல் அப்படியே இருந்திருக்கும். இந்தச் சட்டம் விலையைக் கேட்கும். உள்ளே வருவது யார் என்று கேட்காது.

அந்தக் கேள்வியைக் கேட்ட வழக்கு வேறு. 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம், ஹார்வர்டும் வட கரோலினாவும் இனத்தைக் கருத்தில் கொண்டு மாணவர்களைச் சேர்ப்பது செல்லாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. நன்கொடையாளர், முன்னாள் மாணவர், பேராசிரியர் ஆகியோரின் பிள்ளைகளுக்கான சலுகையை, பெரும்பான்மையோடு உடன்பட்டுத் தனித் தீர்ப்பெழுதிய நீதிபதி கோர்சச்சே சுட்டிக்காட்டினார். ஆனாலும் தீர்ப்பு தடைசெய்தது இனத்தை மட்டுமே. வாரிசுச் சலுகையும் விளையாட்டுச் சலுகையும் தொடப்படவில்லை. தீர்ப்புக்குப் பின் ஹார்வர்டில் சேர்ந்த முதல் அணியில் கறுப்பின மாணவர்களின் பங்கு 18இலிருந்து 14 விழுக்காடாகக் குறைந்தது.

நானூறு ஆண்டுக்கால அடிமைத்தனத்துக்கும் ஒதுக்கலுக்கும் ஈடாகத் தரப்பட்ட சிறு முன்னுரிமை 'தகுதிக்கு எதிரானது' என்று நீக்கப்பட்டது. ஸ்குவாஷ் மட்டைக்குத் தரப்படும் முன்னுரிமை தகுதியாகவே நீடிக்கிறது.

நமக்கு இதில் என்ன?

இடஒதுக்கீட்டைப் பற்றிய ஒவ்வொரு விவாதத்திலும், 'அமெரிக்காவின் பெரும் பல்கலைக்கழகங்களில் தகுதி மட்டுமே பார்க்கிறார்கள்' என்ற வாதத்தை நம் மாணவர்கள் எதிர்கொள்கிறார்கள். அதற்கான விடை மேலே உள்ளது. அங்கும் ஒதுக்கீடு உண்டு. அதற்கு அப்பெயர் இல்லை. அதனாலேயே அதில் நுழைபவர் எவரையும் யாரும் 'கோட்டா' என்று இழித்துரைப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. இதே பிரவுன் பல்கலைக்கழகம் 2022 டிசம்பரில் தன் பாகுபாட்டுத் தடுப்புக் கொள்கையில் சாதியைச் சேர்த்தது. ஐவி லீக்கில் முதன்முதலில் அப்படிச் செய்தது அதுவே. மாணவர்களும் பணியாளர்களும் போராடிப் பெற்ற முன்னேற்றம் அது. ஆனால் பாகுபாட்டுத் தடுப்பு உள்ளே இருப்பவரையே காக்கும். உள்ளே வர முடியாதவருக்கு அக்கொள்கையின் பக்கத்தைத் திறந்து பார்க்கும் தேவையே எழாது.

நம் நாட்டில் சிக்கல் தலைகீழானது. இங்கு அரசமைப்புச் சட்டம் வாசலைத் திறந்தது, பணம் பின்தங்கிவிடுகிறது. 1944இல் தொடங்கிய, பட்டியல் சாதி மாணவருக்கான மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகையின் வருமான வரம்பு இன்றும் 2.5 இலட்சம் ரூபாய். உதவித்தொகை வந்து சேரவில்லை என்று கூறி மாற்றுச் சான்றிதழைக் கல்லூரி நிறுத்திவைத்த நிலையில் என்னிடம் வரும் மாணவர்கள் உண்டு. இடம் கிடைத்தும் பட்டம் கைக்கு வராத நிலை அது. இடமின்றி உதவி பொருளற்றது. உதவியின்றி இடம் நிலைக்காது. இவ்விரண்டையும் பிரித்துப் பேசும் எந்த நிறுவனத்தின் நியாயத்தையும், அது எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், ஐயத்தோடுதான் அணுக வேண்டும்.

நம் கல்லூரிகளிலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. அதில் யார் வருகிறார்கள் என்று நாம் கேட்டிருக்கிறோமா? அரசுக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படிக்கும் தோழர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்று கேள்விகள் கேட்கலாம். கடந்த ஐந்தாண்டுகளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள் எந்தெந்தச் சமூகப் பிரிவினர்? எந்தெந்த விளையாட்டுகள் ஏற்கப்படுகின்றன? பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கான உதவித்தொகை ஒவ்வோர் ஆண்டும் எந்த மாதத்தில் அவர்களின் வங்கிக் கணக்குக்கு வந்தது?

ஹார்வர்டின் கணக்கு வெளிவர ஒரு வழக்கு தேவைப்பட்டது. நம் கல்லூரிகளின் கணக்கைக் கேட்க ஒரு வெள்ளைத்தாளும் பத்து ரூபாய்க் கட்டணமும் போதும்.